வானத்தில் கிடைத்த சங்குக் காசுகள்

உதியன்குளங்கரையில் ஒரு சின்ன நகைக்கடையில் நானும் அக்காவும் உட்கார்ந்திருக்கிறோம். திருப்புறத்தில் அக்கா வீடு கட்ட அடித்தளத்துக்கு வானம் தோண்டியபோது, சங்கு முத்திரை போட்ட இரண்டு காசுகள் கிடைத்திருக்கின்றன. ராஜா காலத்து வெள்ளி என்றால் அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை வேலை நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மழை வருவதற்குள் அடித்தளம் போட்டாக வேண்டும். அக்கா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கடைக்கார அம்மா லென்ஸை எங்களிடம் நீட்டுகிறார்.

"ரெண்டையும் பாரு மக்கா. சங்குக்குக் கீழ ஒரே இடத்துல ஒரே பள்ளம். பழைய காசு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தேஞ்சிருக்கும். இது ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததாக்கும்."

விளிம்பை லேசாக அரத்தால் ராவி, ஒரு சொட்டு அமிலம் விடுகிறார். பச்சையாக நுரைக்கிறது.

"வெள்ளியும் இல்ல. பூஜைக் கடையில இப்பவும் கிட்டும். முன்ன யாரோ அங்க வீடு கெட்டுததுக்குப் பூஜை செய்து போட்டிருப்பாவ. பேடிக்க ஒண்ணும் இல்ல, பயப்படாம வேலையைப் பாருங்க."

"உறுதியாட்டு பழசு இல்லியே?" என்கிறாள் அக்கா.

அந்த அம்மா சிரித்துவிடுகிறார். "பழசு இல்லேன்னு சொன்னா இங்க எல்லாரும் சண்டைக்கு வருவாவ. சந்தோஷப்படுத ஆளை இப்பத்தான் பாக்கேன்."

அக்கா அதற்குள் வாசலில் நின்று கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். பஸ் இரைச்சலை மீறிக் கத்துகிறாள்: "நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வாங்க!"