ஒடியாத கைகளின் சுவர்

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. அண்ணன் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருந்தான். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டு போனை அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"எல்லாம் சுவரைவிட்டு இறங்கிடுச்சுண்ணே."

அண்ணன் கண்ணை மூடிப் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அவ்வளவு பெரிய மூச்சு அவனுக்கு வந்து பல நாளாகியிருந்தது. புதன்கிழமை விடியற்காலையில் அவன் போய்விட்டான். இரண்டும் இந்த வரிசையில் நடந்ததே என்பதுதான் எனக்கு ஆறுதல்.

என்னைவிடப் பதினாறு வயது மூத்தவன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டான். போடுவது அவன் வேலை. எலும்பு கூடிய பிறகு சின்ன ரம்பத்தால் அறுத்து எடுப்பது இன்னொருவர் வேலை. அவருக்குக் 'கழட்டி' என்றே பெயராகிவிட்டது. பிள்ளைகள் அண்ணனைப் பார்த்தால் அழும், கழட்டியைப் பார்த்தால் சிரிக்கும். "பாவமெல்லாம் எனக்கு, புண்ணியமெல்லாம் இவனுக்கு. நல்ல பங்கு பிரிச்சான்யா!" என்று அண்ணன் சொல்லாத நாளில்லை.

பதினோரு வயதில் நான் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டேன். கட்டுப் போட விடாமல் துள்ளினேன். அண்ணன் ஒரு தட்டில் ஈரக் களிமண்ணைப் பரப்பி என் முன்னால் வைத்தான்.

"அந்தக் கை ஒடிஞ்சுபோச்சு, சரி. இந்தக் கை என்ன பாவம் பண்ணுச்சு? ஒடியாம நின்னதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அமுக்கு. நூறு எண்ணுற வரைக்கும் எடுக்காத."

நான் இடது கையை அமுக்கிக்கொண்டு எண்ணினேன். எண்பதைத் தாண்டும்போது வலது கையில் கட்டு முடிந்திருந்தது. மிச்சமிருந்த மாவைக் கரைத்து அந்தக் களிமண் பள்ளத்தில் ஊற்றினான். அடுத்த வாரம் போனபோது என் இடது கை, நீல வர்ணம் பூசி, கட்டுப்போடும் அறைக்கு வெளியே சுவரில் இருந்தது.

அதன்பிறகு, அடம்பிடிக்கிற பிள்ளைக்கெல்லாம் அதே வைத்தியம். வருடங்கள் போகப்போகச் சுவர் நிறைந்தது. மொத்தம் நூற்றிருபத்தாறு கைகள், அத்தனையும் ஒடியாத கைகள். "வளந்து வந்து பாரு, இங்கேயே இருக்கும்" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லி அனுப்புவான். அவர்களும் வந்தார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் தன் உள்ளங்கையைச் சுவரிலிருந்த கையின்மேல் வைத்துப் பார்த்து, "நான் ரெண்டு பிள்ளைக்கு அப்பனாயிட்டேன், இவன் இன்னும் ஒண்ணாங்கிளாஸ்லயே நிக்கிறானே" என்றார்.

அண்ணன் செய்த தப்பு ஒன்றுதான். எதையும் ஆணியில் மாட்டவில்லை; பின்பக்கம் நாலு மூலையிலும் மாவை உருட்டி வைத்துச் சுவரோடு ஒட்டிவிட்டான். காலேஜில் சேர்ந்த புதிதில் நான் அதைக் கேட்டேன். "ஆணி துருப்பிடிக்கும். மாவு துருப்பிடிக்குமா? நீ காலேஜ்ல படிச்சதையெல்லாம் இங்க கொண்டுவராத" என்றான்.

இரண்டாவது லிஃப்டுக்காக அந்தச் சுவரைத் திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அவன் படுக்கையில் இருந்தான். இதயம் தளர்ந்து, வாசல்படி இறங்கவும் தெம்பில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். "ஆணியில மாட்டியிருந்தா அரை நாள் வேலை. இருக்கும்னு சொல்லி அனுப்பினேனே. என் வாய்க்கொழுப்பு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை நானும் கழட்டியும் ரம்பத்தோடு போனோம்.

"எதுல ஆரம்பிக்கிறது?" என்றார் அவர்.

"என்னோடதுல ஆரம்பிங்க. போனா என்னோட போகட்டும்."

ரம்பம் உறுமியது. மூன்று மூலைகள் விட்டன. நாலாவதில் மணிக்கட்டிலிருந்து நடுவிரல்வரை விரிசல் ஓடி, கை இரண்டாகப் பிளந்தது. அத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் தோலில்கூடக் கீறல் போடாத மனிதர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அண்ணி காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "முகத்தைக் கழுவிட்டு உள்ள போ. ஒண்ணும் சொல்லிடாத."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "கழட்டினீங்களா?"

"நாளைக்குத்தான் ஆரம்பிக்கிறோம்."

"புருவத்துல மாவு ஒட்டியிருக்கு. பொய் சொல்றவ முழுசாக் கழுவிட்டு வந்து சொல்லணும்."

"ஒண்ணு ஒடைஞ்சுபோச்சுண்ணே."

"யாரோடது?"

"என்னோடது."

அண்ணன் தலையணையில் சாய்ந்துகொண்டான். பிறகு, "நல்லவேளை. வேற யாரோடதாவதுன்னா நான் பதில் சொல்லணும். உனக்கு எதுக்குப் பதில்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது.

"போதும் சிரிச்சது, மூச்சு வாங்குது பாருங்க" என்று அண்ணி முதுகைத் தடவினாள்.

"எதால அறுத்தான்?"

"ரம்பத்தால."

"ரம்பமா! போனைப் போடு அவனுக்கு."

போட்டேன்.

"டேய், ரம்பத்தைக் கண்டாலே அலறுற கைக்குழந்தைக்குக் கட்டை எப்படிக் கழட்டுவ?"

"ஊறவெச்சுதாண்ணே."

"இதுங்க மட்டும் என்ன, பயில்வான் கையா?"

அண்ணன் போனை வாய்க்கருகே இழுத்துக்கொண்டான்.

"வெந்நீர்ல வினிகரைக் கல. சிரிஞ்சில எடுத்து, பின்னாடி இருக்கிற உருண்டைக்கு மட்டும் விடு. முன்பக்கம் வழியக் கூடாது. அரைமணி நேரம் பொறு, தானா விடும்."

"விடுமாண்ணே?"

"நான் ஒட்டினதுடா. என் பேச்சைக் கேக்கும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே கழட்டி வேலையைத் தொடங்கிவிட்டார். விடுப்பிலிருந்த இரண்டு நர்சுகள் சிரிஞ்சு பிடித்தார்கள். திங்களன்று இடிக்கவேண்டிய சுவரைப் பார்க்க வந்திருந்த மேஸ்திரி, ஊறுகிற கைகள் கீழே விழாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நானும் கிளம்பினேன். "நீ எங்க போற? உன் கைராசிதான் நேத்தே தெரிஞ்சுபோச்சே. உக்காரு" என்றான் அண்ணன். உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. போன் அடிக்கும்வரை அவன் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை.

"நூத்தியிருபத்தஞ்சுமா?" என்று கேட்டான்.

"நூத்தியிருபத்தஞ்சும்ணே."

"விரலு?"

"ஒரு நகம்கூடப் போகல."

அன்று ராத்திரி தட்டை அவனே கேட்டு வாங்கினான். நன்றாகத் தூங்கினான். அண்ணி மட்டும் இரண்டு தடவை எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கழட்டி வீட்டுக்கு வந்தார், உடைந்த என் கையோடு. பின்பக்கம் மாவு தோய்த்த ஈரப்பட்டை போட்டு, இரண்டு துண்டையும் அண்ணன் கண்ணெதிரே சேர்த்தார். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் கட்டு அது. அண்ணன் திருப்பித்திருப்பிப் பார்த்து, "பரவாயில்ல. எலும்பு கூடிடும்" என்றான்.

இப்போது அந்தக் கைகள் புதுக் கட்டடத்து நடையில் தொங்குகின்றன, ஆணியில்தான். அதற்கும் அவனே சம்மதம் சொல்லிவிட்டான். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் பெயரும் வயதும் எழுதியிருந்தான். வினிகர்த் தண்ணீர் பட்டு அதில் பதினாலு பெயர்கள் கரைந்துபோயிருந்தன. கழட்டி போனில் படம் எடுத்து அனுப்ப, அண்ணன் அடையாளம் சொல்லச்சொல்ல நான் எழுதிக்கொண்டேன். "இது அந்தத் தச்சர் பொண்ணு, சுண்டுவிரல் வளைவைப் பாரு. மரத்துலேருந்து விழுந்துச்சு." "இவன் வாத்தியார் மகன். நூறு எண்ணச் சொன்னா அறுபதுலயே நூறுன்னுடுவான்." திங்களும் செவ்வாயுமாக எட்டுப் பேரைச் சொல்லிவிட்டான். செவ்வாய் சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "கண்ணு வலிக்குது, மிச்சத்தை நாளைக்குப் பாப்போம்" என்றான்.

நடையில் நூற்றிருபது கைகளுக்குக் கீழே பெயர்ச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. ஆறு கைகளுக்கு இன்னும் எழுதவில்லை.