கதவு சாத்துறப்போ ஜோக்கு சொன்னவன்

எனக்கு நாப்பத்தொம்பது வயசு. ரெண்டு வேளை சுகர் மாத்திரை. இந்த லட்சணத்துல நான், போன்ல வாராவாரம் வர்ற ஒரு மாயாஜாலக் கதைய எழுதுறவங்கள எட்டு மாசம் திட்டிக்கினு இருந்தேன். சொந்தப் பேர்ல இல்ல. சிங்கம் படம் போட்டு, மகாராஜான்னு ஒரு பொய் ஐடி வெச்சிக்கினு. இதுவே பாதி வெக்கம். மீதி வெக்கம் இன்னான்னா, அந்தக் கதைய எழுதுனது எங்க அக்கா. தெனமும் ஒரே தறியில, எனக்கு வலது பக்கம், முழங்கை இடிக்கிற தூரத்துல உக்காந்திருக்கிறவ.

நாங்க நெய்யுறது கோர்வைப் பொடவ. ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு. ஊடு நூல ஓட்டுற கட்டைக்கு நாடான்னு பேரு. ஒடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. மூணையும் ஒரே ஆளு ஓட்டுறது ஆவாத காரியம். அதனால வலது கரைக்கு ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து, நான் மிதிய மிதிக்கிறப்போல்லாம் அந்த நாடாவத் தள்ளித் திருப்பணும். எங்க அக்கா அந்த வேலைதான் பதினோரு வருஷமா பாக்குது. ஒரு நாளைக்கு பல நூறு தடவ ரெண்டு பேரும் ஒரே நொடியில கைய அசைக்கிறோம். அவ தலையில ஒரு சாம்ராஜ்யமே எரிஞ்சிக்கினு இருந்தது எனக்குத் தெரியல. அவ்ளோ கூர்மையான ஆளு நானு.

கதை இதுதான். கூலிக்கு உயிரப் பணயம் வெக்கிற பன்னெண்டு பேரு. ஒருத்தர ஒருத்தர் வுட மாட்டோம்னு சத்தியம் பண்ண கூட்டம். கதையில அதுக்கு கில்டுன்னே பேரு. ஒருத்தி அம்பு வுடுவா, ஒருத்தன் பூட்டு ஒடைப்பான், ஒருத்தன் செத்தவங்க கூட பேசுவான். கறுப்புக் கோட்டைக்கு அடியில ஒரு ஏரி. அதுல இருக்கிற பூதத்தக் கொன்னா கோட்டையில பாதி ஒங்களுக்குன்னு ராஜா வாக்கு குடுக்கிறான். எறங்குறாங்க, கொல்றாங்க. மேல ஏறி வந்து பாத்தா கதவு வெளிய பூட்டியிருக்குது. ஒம்போது பேரு இருட்டுலயே சாவுறாங்க. மூணு பேரு மட்டும் வவ்வால் கறியத் தின்னுக்கினு, நூறு நாளு கல்லப் பேத்து வெளிய வர்றாங்க. அந்தக் கதவச் சாத்துனதுல ஏழு பேருக்குப் பங்கு. அந்த ஏழு பேரையும் தேடிப் போயி, ஒவ்வொருத்தனா பழி வாங்குறதுதான் மிச்சக் கதை.

ஆறு பேரு செத்தப்போ நான் கை தட்டுனேன். சாவி குடுத்த மந்திரிய அவன் சாவியாலயே முடிச்ச அன்னிக்கு ஐயம்பேட்ட ஷேர் ஆட்டோவுல கண்ணத் தொடச்சிக்கினு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவரு வீட்ல ஏதாவது துக்கமான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன், வேற எப்படி விளக்குறது.

பிரச்சன ஏழாமத்தவன். அவன் அரண்மனக் கோமாளி. அவன் சாவியத் தொடல, தாப்பாளப் போடல. உள்ள இருந்து பன்னெண்டு பேரும் கதவத் தட்டுறப்போ, சபையில எல்லாரும் ஒரு மாதிரி தலையக் குனிஞ்சிக்கினு நிக்கிறாங்க. அப்ப இவன் ஒரு ஜோக்கு சொல்றான். சபையே சிரிக்குது. அந்தச் சிரிப்புல தட்டுற சத்தம் கேக்காம பூடுது. அவ்ளோதான் அவன் செஞ்சது. அவனையும் கில்டு தேடிக்கினு போவும்னு ஆரம்பத்துலயே எழுதிட்டாங்க.

எனக்கு வந்ததே கோவம். ஒரு சிரிப்புக்கு மரண தண்டனையா, இது எந்த ஊரு நியாயம், பாவம் அவனே வயித்துப் பொழப்புக்கு ஆடுறவன், அவன வுட்டாத்தான் இது கதை, இல்லன்னா கசாப்புக் கடைன்னு மகாராஜா பக்கம் பக்கமா எழுதுனாரு. எதிர்ல நாலு பேரு சண்டைக்கு வந்தாங்க. அவங்களையும் வுடல. எட்டு மாசத்துல எழுதுறவங்க எனக்கு ஒரே ஒரு தடவதான் பதில் போட்டாங்க. நீங்க அங்க இருந்திருந்தா என்ன செய்திருப்பீர்கள்னு கேட்டிருந்தாங்க. நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன், அதுல என்ன தப்புன்னு எழுதிட்டு, ரெண்டு சிரிக்கிற பொம்ம வேற போட்டேன்.

அதுக்கப்பறம் கதை நின்னு போச்சி. கோமாளி வீட்டு வாசல்ல மூணு பேரும் நிக்கிறாங்க. அஞ்சு செவ்வாக்கெழம போயிடுச்சி, அடுத்தது வரல. எனக்கு சோறு எறங்கல.

தெனமும் பதினோரு மணிக்கு நான் டீக்கு போறது. அன்னிக்கு சாமி வாகனம் வர்றதுக்காக தெருவ மறிச்சிட்டாங்க, டீக்கட பக்கமே போவ முடியல. அஞ்சு நிமிசத்துல திரும்பி வந்துட்டேன். தறியறையில அக்கா குரலு கேக்குது. தறிக்கு அடியில இருக்கிற குழியில காலத் தொங்கப் போட்டுக்கினு, போன வாய்க்குக் கிட்ட வெச்சிக்கினு, செய்தி வாசிக்கிறவங்க மாதிரி பேசுது.

"கோமாளி கதவைத் திறந்தான் முற்றுப்புள்ளி அவன் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது முற்றுப்புள்ளி."

அக்கா பத்தாவது வரைக்கும்தான் படிச்சது. பேசுனா போன்ல எழுத்தா மாறுதுன்னு யாரோ காட்டிக் குடுத்திருக்காங்க, அத்த வெச்சே முப்பது அத்தியாயம். நான் டீ குடிக்கிற அந்தக் கால் மணி நேரத்துல. சத்தியமாச் சொல்றேன், எனக்கு மொதல்ல பெருமைதான் வந்தது. எங்க அக்கா எழுத்தாளரான்னு வாயப் பொளந்துக்கினு உள்ள ஓடுனேன். நான்தான் அந்த மகாராஜான்னு நானே சொல்லிட்டேன். அக்கா அசரவே இல்ல. பதினொன்னுல இருந்து பதினொன்னேகாலுக்குள்ளதான் அந்தச் சிங்கம் கத்தும், அப்பறம் நீ மூச்சு வாங்கிக்கினு வந்து உக்காருவ, எனக்கு எப்பவோ தெரியும்னுச்சி.

அப்பவும் எனக்கு ஒறைக்கல பாருங்க. எல்லாம் சரிக்கா, அந்தக் கோமாளிய மட்டும் வுட்ருன்னேன். அக்கா போனக் கீழ வெச்சிட்டு என்னப் பாத்தது.

"ஒனக்கு நெஜமாவே தெரியலயாடா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது அது. அக்காவக் கட்டிக் குடுத்தது தென்னேரியில, ஏரிக்கரையோரம் ஓட்டு வீடு. மாமா செத்து முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சி, அக்கா ரெண்டு பொடவ எடுத்துக்கினு எங்க வீட்டுக்கு ஒரு வாரம் வந்தது. அந்த ஒரு வாரத்துல மாமாவோட அண்ணன் அக்கா இருந்த பாகத்துக்குப் பூட்டு போட்டுட்டாரு. அக்கா கல்யாணத்துக்கு வாங்குன பீரோ, தையல் மிசினு, எல்லாம் உள்ள. பேசித் தீத்துக்கலாம்னு நாங்க ஆறு ஆம்பளங்க வேன் புடிச்சிப் போனோம். அக்காவும் வந்தது. ஆனா எங்க பக்கம் ஒரு வழக்கம். பொண்ணு விஷயத்துக்குப் பேச்சு நடந்தா பொண்ணு பேசக் கூடாது. கூடப் பொறந்தவன் என்ன சொல்றானோ அதுதான் அவ சொன்னது. அக்கா வேன் பக்கத்துல வெயில்ல நின்னுது, நாங்க உள்ள ஃபேனுக்கு அடியில உக்காந்தோம்.

ரொம்ப நேரம் யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. அங்க இருந்த பெரியவரு, தம்பி நீ சொல்லுப்பான்னாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. எனக்குப் பயம் வந்தா அழுக வராது, ஜோக்குதான் வரும்.

"எங்க அக்காவ வெச்சிக்கினா ஒங்களுக்குத்தாங்க நஷ்டம். கொழம்புல உப்பு போட மறந்துட்டு, ஒங்க ஏரித் தண்ணியில உப்பு பத்தலன்னு ஏரி மேல பழி போடுவா. நாங்களே கூட்டிக்கினு போறோம், வுடுங்க."

அப்படிச் சிரிச்சாங்க. பூட்டு போட்டவரு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. அதோட பேச்சு முடிஞ்சிடுச்சி. வாழக்கா பஜ்ஜி வந்தது. நான் நாலு தின்னேன். வெளிய வந்தப்போ அக்கா வேன் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தது. நாந்தான் விடுக்கா, நம்ம வீடு இல்லியான்னு பெரிய மனுசனாட்டம் சொன்னேன். அன்னிக்கு வேன்ல வந்து எறங்குனவதான், நேரா வந்து என் வலது பக்கம் உக்காந்தா.

இத்த அக்கா பாதி சொல்லி, நான் பாதி ஞாபகப்படுத்திக்கினு முடிச்சப்போ, நான் மன்னிப்பு கேட்டிருப்பேன்னு நெனக்கிறீங்களா? கத்துனேன். பூட்டுனது நானா, சாவி என் கையிலயா இருந்தது, பதினோரு வருஷம் சோறு போட்டதுக்கு இதுவான்னு கத்துனேன். சோறு போட்டேன்னு சொன்ன வாயி இது, அந்தச் சோத்துக்கு பாதிப் பொடவய அவ நெய்யுறா. அடுத்த செவ்வாக்கெழம கோமாளிய மன்னிச்சி எழுதணும்னு உத்தரவு வேற போட்டேன். அக்கா குழியில இருந்து எழுந்துச்சி, காலத் தட்டிக்கினு, எனக்கு லீவு வேணும்னு சொல்லிட்டு கோயிலுக்குப் போயிடுச்சி.

மூணு நாளு வரல. கோவமெல்லாம் கெடயாது, காலையில காபி குடுக்கும், மத்தியானம் கொழம்பு ஊத்தும், உப்பு சரியாத்தான் இருக்கும். தறியில மட்டும் உக்காராது. இன்னா பெரிய வேலை, ஓரமா உக்காந்து ஒரு நாடாவத் தள்ளுறதுதானன்னு நானே ரெண்டு ஆளு வேலையும் பாத்தேன். எக்கி எக்கி இடுப்பு போச்சி. இந்தப் பக்கம் சரியா வந்தா அந்தப் பக்கம் கரையும் ஒடம்பும் சேராம வாயத் தொறந்துக்கினு நிக்குது. மூணாவது நாளு, நெய்ஞ்ச துணிய அறுக்கலாமா அவுக்கலாமான்னு பாத்துக்கினு உக்காந்திருந்தப்போதான் எனக்கு அது வந்தது. ஓரத்துல உக்காந்தவன் சொம்மா உக்காந்தவன் இல்ல. அவன் கை அசஞ்சாத்தான் துணி. அன்னிக்கு அந்தச் சிரிப்பு இல்லன்னா அந்தப் பூட்டு நிக்காது. ரெண்டு பக்கமும் தலையக் குனிஞ்சிக்கினு இருந்தாங்க இல்ல, இன்னும் ரெண்டு நிமிசம் அப்படியே வுட்டிருந்தா மாமாவோட அண்ணன் தானாவே எழுந்து போயி தொறந்திருப்பாரு. நான்தான் அவருக்கு வழி பண்ணிக் குடுத்தேன்.

சட்டய மாட்டிக்கினு கெளம்பிட்டேன். வாலாஜாபாத்துக்கு ஒரு பஸ்ஸு, அங்கேர்ந்து தென்னேரிக்கு ஒண்ணு. பஸ் பூரா எனக்குள்ள கொதிக்குது. செத்தவன் பொண்டாட்டி ஒரு வாரம் ஊருக்குப் போனா பூட்டு போடுற ஜென்மம், அவ கிட்ட ஒரு வார்த்த கேக்காத பெரிய மனுசங்க, பொறுத்துப் போம்மான்னு சொல்ற ஊரு, இவங்களுக்கெல்லாம் ஜால்ரா அடிச்ச நானு. கதையில மூணு பேரு போனாங்க, வில்லு மந்திரம் எல்லாம் இருந்தது. இங்க ஒரே ஆளு, பையில சுகர் மாத்திர.

மாமாவோட அண்ணன் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாரு. வயசாயிடுச்சி, முன்பல்லு இல்ல. என்னப் பாத்ததும் அவரு மூஞ்சி மலர்ந்துடுச்சி.

"அடடே, உப்பு ஜோக்கு தம்பி தான? வாப்பா வா. இன்னும் அத்தச் சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினு இருக்கோம்."

பதினோரு வருஷம். அக்கா உள்ள கல்லப் பேத்துக்கினு இருந்த பதினோரு வருஷமும் இவங்க அந்த ஜோக்க வெச்சி சிரிச்சிக்கினு இருந்திருக்காங்க.

"அது ஜோக்கு இல்லீங்க. எங்க அக்காவ ஒரு வார்த்த கேக்காம அவ வாயால நான் பேசிட்டேன். அது செல்லாது. அது அவ வீடு. தொறங்க."

அவரு நான் அடுத்த ஜோக்கு ஆரம்பிக்கிறேன்னு நெனச்சி மொதல்ல சிரிச்சாரு. அப்பறம் நிறுத்திட்டாரு. இத்தன வருஷம் கழிச்சி செல்லாதுன்னா எப்படிப்பா, அன்னிக்கு பஜ்ஜி தின்னுட்டுத்தான போனன்னாரு. நியாயமான கேள்வி. நான் சத்தத்த ஏத்துனேன். நாலு வீட்ல இருந்து ஆளுங்க வந்து நின்னாங்க. யாரும் சிரிக்கல, எனக்கு அதுவே பெரிய விஷயமாப் பட்டுது. அவரு மருமவ காபி கொணாந்துச்சி. எனக்கோ நாக்கு வறண்டு கெடக்குது, ஏலக்கா வாசன வேற வருது. வேணாம்மான்னு சொன்னேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே வீரச் செயல் அதுதான்.

அக்கா இருந்த பாகம் இப்ப மோட்டாரும் உர மூட்டயும் போட்டு வெச்சிருக்கிற ரூமு. ஜன்னல் வழியா பீரோவோட கண்ணாடி மட்டும் தெரிஞ்சது. அவரு தொறக்கல. வக்கீலோட வர்றேன், இந்தத் தடவ அக்காதான் பேசும்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியில எனக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தரு கூட இல்லன்றது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தப்போ அக்கா தறியில, அது எடத்துல உக்காந்திருந்துச்சி. நான் பாழாக்கி வெச்சிருந்த கரைய ஊசியால நோண்டி நோண்டிப் பிரிச்சிக்கினு இருந்தது. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். பீரோ கண்ணாடி இன்னும் ஒடயலயான்னு மட்டும் கேட்டுது. ஒடயலன்னேன். வக்கீலு கிட்ட நானும் வர்றேன்னுச்சி. எனக்கு மனசு லேசாயி, குழியில எறங்கி உக்காந்து, நாடாவக் கையில எடுத்துக்கினு, மெதுவா, அப்போ அந்தக் கோமாளிய வுட்ருவியாக்கான்னு இழுத்தேன்.

"நீ போனது நல்லதுடா. அவன் செவ்வாக்கெழம சாவுறான். மிதி."