கணக்குப் பரீட்சையும் ஒரு பொன்னாடையும்

1. கேமரா நின்ற இடம்

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது நிவேதா பாத்ரூமுக்குள் இருந்தாள். பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, ஒரு டிவி கேமரா ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது. பல் துலக்கிவிட்டு அவள் வெளியே வரும் காட்சி வேண்டுமாம். 'சாம்பியனின் ஒரு நாள்' என்று தலைப்புகூட முடிவாகிவிட்டது. அவளுடைய அப்பா ஞானசேகரன் கேமராக்காரருக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவர்களைப் போகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

நான் கேமராக்காரர் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, அந்தப் புள்ளைக்குப் பதினஞ்சு வயசு. உங்க வீட்டுப் பாத்ரூம் வாசல்ல நான் இப்படி வந்து நின்னா சும்மா இருப்பீங்களா?"

அவர் நல்ல பையன். அசடு வழியச் சிரித்துவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நிவேதாவுக்காக நான் பார்த்த முதல் வேலை அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீரங்கத்தில். ஞானசேகரன் அதே தொழிற்சாலையில் வெல்டர். குடும்பம் மன்னார்புரத்தில் இருக்கிறது. அவர் மகள் வடக்கே நடந்த தேசிய ஜூனியர் டென்னிஸ் போட்டியில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஜெயித்துவிட்டு ரயிலிறங்கிய நாளிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. "மேடம், பாய்லர் வெடிச்சாக்கூட எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். இது தெரியலை" என்று என்னிடம் வந்தார். ஓய்வு பெற்ற பிறகு கோலம் போடுவதிலும் வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்புவதிலும் எனக்கு நாட்டமில்லை. உடனே ஒத்துக்கொண்டேன்.

2. எது போய்விடக்கூடாது

நிவேதா அப்போது பத்தாம் வகுப்பு. போட்டி போட்டியாகப் போனதில் வருகைப்பதிவு குறைந்திருந்தது. அவளுடைய கோச் நல்லெண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஓபன் ஸ்கூலில் பதிந்துகொண்டு, சென்னையில் ஒரு அகாடமியில் சேர்ந்துவிடலாம். நாள் முழுக்க விளையாடலாம், பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

நிவேதாவுக்குப் பிடிக்கவில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படித்த பிள்ளைகளோடு அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுத வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். டென்னிஸ் கோர்ட்டில் தனியாகத்தானே நிற்கிறேன், வகுப்பிலாவது எல்லாரோடும் உட்காருகிறேனே என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

பள்ளியின் பிரின்சிபால் கறாரான அம்மா. பொதுத்தேர்வுக்கு முன்னால் வரும் மூன்று ரிவிஷன் டெஸ்ட்டுகளையும் ஒரு பாடம் விடாமல் எழுதித் தேறினால், வருகைப்பதிவுக்குத் தான் பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார். ஒன்று விட்டுப்போனாலும் ஓபன் ஸ்கூல்தான், பிறகு வந்து அழக்கூடாது என்றார். ஞானசேகரன் சரியென்றார். ஆக என் வேலை தெளிவானது. பத்திரிகை, டிவி, விழா எதுவும் அந்தப் பெண்ணின் படிப்பு நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. சனிக்கிழமை கேட்

தொழிற்சாலையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. கேட்டை எப்போதும் திறந்து வைத்தால் நிருபர்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதுவார்கள். குறிப்பிட்ட நாளில் மட்டும் திறந்தால் பாய்லரைப் பற்றி எழுதுவார்கள். அதையே இங்கும் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி முதல் ஐந்து மணி வரை, கிளப் கோர்ட்டில் மட்டும் பேட்டி. வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. ஸ்கூல் யூனிஃபார்மில் போட்டோ கிடையாது. டிவிக்காரர்களுக்குக் கேமரா முன் பேசும் பைட் தனியாக, இரண்டு நிமிடம். எல்லாருக்கும் ஒரே பிரஸ் நோட், டீ, மசால் வடை.

முணுமுணுத்தார்கள். ஆனால் வந்தார்கள். மசால் வடைக்கும் அதில் பங்குண்டு.

ஒரு சேனல், ஸ்ரீரங்கம் கோயிலின் ரங்கா ரங்கா கோபுரத்துக்கு முன்னால் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கையில் ராக்கெட்டோடு அவள் நடந்து வர வேண்டும் என்றது. பட்டுப்பாவாடையில் சர்வ் போடச் சொல்லாதவரை சந்தோஷம் என்று சொல்லி மறுத்துவிட்டேன். இன்னொரு நிருபருக்குக் கண்ணீர் தேவைப்பட்டது. அப்பா வெல்டர் என்றதும் அவர் மனத்தில் கதை முழுதாகத் தயாராகிவிட்டது. "உனக்கு ராக்கெட் வாங்க அம்மா செயினை வித்தாங்கல்ல, அதச் சொல்லும்மா" என்று எடுத்துக்கொடுத்தார்.

நிவேதா திரும்பி, கோர்ட் ஓரம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். "அண்ணா, செயின் அம்மா கழுத்துலதான் இருக்கு. நீங்க வேணா போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள்.

அவள் அம்மா கலா செயினை எடுத்து வெளியே விட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மறுநாள் படமாக வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

4. பாராட்டு வியாதி

பத்திரிகைகளைச் சமாளித்துவிட்டேன். பாராட்டுகிறவர்களைத்தான் முடியவில்லை. நம் ஊரில் ஒருவரைப் பிடித்துவிட்டால் கூப்பிட்டு வைத்துப் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். மலைக்கோட்டை ஜவுளிக்கடை, புது மாடியைத் திறந்துவைக்கக் கூப்பிட்டது. ஜீயபுரத்தில் வாழை விவசாயிகள் ஒரு தாரையே பரிசாகக் கொடுத்தார்கள். ஆட்டோவில் நிவேதா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு விழாவிலும் விருந்தினர் தாமதம், வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது அந்தப் பிள்ளைக்குக் கண் சொருகும். டென்னிஸால் போன படிப்பைவிடப் பாராட்டால் போனது அதிகம்.

பொன்னாடைகள் குவிந்தன. கலா அவற்றை சோபாவுக்குப் போட்டார், டிவிக்குப் போட்டார், கிரைண்டரையும் விடவில்லை. அந்த வீட்டில் மரியாதை செய்யப்படாத பொருளே இல்லை என்று ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் வந்தது பள்ளிக்கூடத்தின் சொந்த விழா. பள்ளியை நடத்தும் கரஸ்பான்டன்ட் ஐயாவுக்கு மாணவியை நினைத்துப் பெருமை. அட்மிஷன் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மனிதரைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார். அவருக்கு நேரமிருப்பது வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான். மன்னார்புரம் ரவுண்டானா பக்கம் ஃப்ளெக்ஸும் வைத்தாகிவிட்டது.

அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம், இரண்டாவது ரிவிஷன் கணக்குப் பரீட்சை. மாவட்டம் முழுக்க ஒரே கேள்வித்தாள். தள்ளிவைக்க முடியாது.

கரஸ்பான்டன்ட்டிடம் போனேன். நம்ம ஸ்கூல் டெஸ்ட்தானே, அப்புறம் எழுதிக்கலாம் என்றார். பிரின்சிபாலும் அந்த அறையில் இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் தாழ்ந்த குரலில், "மேடம், அவர் சொன்னாலும் நான் பரிந்துரை எழுத மாட்டேன். வகுப்புல மத்த புள்ளைங்களும் பாத்துட்டுத்தான் இருக்காங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை.

நிவேதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். "ஆன்ட்டி, ஜியோமெட்ரி இப்பத்தான் புரிஞ்சிருக்கு. மறக்கிறதுக்குள்ள எழுதிடணும்" என்றாள்.

மறுபடியும் கரஸ்பான்டன்ட் அறைக்குப் போனேன். இந்த முறை கெஞ்சவில்லை.

"சார், பொண்ணு மேடையில பொன்னாடை வாங்கினா உள்பக்கத்துல சின்னப் படமா வரும். பரீட்சை எழுதுறதால மேடைக்கு வரலைன்னா லோக்கல் எடிஷன்ல முதல் பக்கம் வரும்."

"முதல் பக்கமா?"

"உங்க ஸ்கூல் பேரோட."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உத்தரவாதம் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்போ பொன்னாடையை யாருக்குப் போடுறது?" என்றார்.

5. மேலே பரீட்சை, கீழே விழா

வெள்ளிக்கிழமை விருந்தினர் தாமதமாக வந்தார். மேடையைப் பார்த்துவிட்டு, பெண் எங்கே என்று கேட்டார். முகம் சுருங்கியது. கரஸ்பான்டன்ட் என்னைப் பார்த்தார். இது சொதப்பினால் அந்தப் பெண்ணை அடுத்த விழாவுக்கு அவரே பரீட்சை அறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஞானசேகரனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மேடையேறிப் பழக்கமில்லாத மனிதர். விருந்தினர் பொன்னாடையைப் போர்த்தினார். யாரோ மைக்கை அவர் கையில் திணித்துவிட்டார்கள். நான் பேச்சு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள், இவரைப் பேசச் சொல்வார்கள் என்று நினைக்கவே இல்லை.

அவர் தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தார். ஹாலுக்கு நேர் மேலே பத்தாம் வகுப்பு.

"ஐயாவுக்கு வணக்கம். எம் பொண்ணு இந்த மாடியிலதான் கணக்குப் பரீட்சை எழுதிட்டிருக்கா. அவ மட்டுமில்ல, அவ கிளாஸ் புள்ளைங்க எல்லாரும் எழுதுறாங்க. அதனால கைதட்டுறவங்க கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க. எனக்கு வேற எதுவும் பேசத் தெரியாது."

விருந்தினர் சிரித்துவிட்டு, இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டினார். முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் இரண்டு விரலால் தட்டினார்கள். பிறகு ஆசிரியர்கள், பெற்றோர், கரஸ்பான்டன்ட் எல்லாரும். சத்தமே வராத அந்தக் கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. போட்டோகிராபர்கள் முண்டியடித்துப் படமெடுத்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

பரீட்சை முடிந்து நிவேதா இறங்கி வந்தாள். கிராஃப் சரியாக வந்துவிட்டது, ஒரு கேள்வி மட்டும் விட்டுவிட்டேன் என்றாள். ஞானசேகரன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கீழ சத்தம் கேட்டுச்சாம்மா?"

"என்ன சத்தம்?"

அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை, அவள் கோப்பை ஜெயித்த படங்களில்கூட நான் பார்த்ததில்லை.

6. கடைசியாக

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. கரஸ்பான்டன்ட் அதைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். அதற்குப் பிறகு நிவேதாவைப் பாராட்ட வந்தவர்களிடம், பரீட்சை இருக்கிறதா என்று அவரே முதலில் கேட்டார். மூன்று டெஸ்ட்டும் எழுதினாள், பொதுத்தேர்வும் எழுதித் தேறினாள். கணக்கில் சுமார்தான். இப்போது அதே பள்ளியில் ப்ளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிறாள். பெரிய போட்டிகளுக்குப் போகிறாள், சிலவற்றில் தோற்கிறாள், திரும்பி வந்து அதே பிள்ளைகளோடு உட்காருகிறாள். சனிக்கிழமை கேட் தொடர்கிறது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம்முடைய ஆளை மேடையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மக்கள் தொடர்பு என்று பணிக்காலம் முழுக்க நினைத்திருந்தேன். ஆளை அவருடைய வேலையில் விட்டுவிட்டு மேடையைச் சமாளிப்பதுதான் அந்த வேலை என்று ஓய்வு பெற்ற பிறகு புரிந்தது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சோபா, டிவி, கிரைண்டர் எல்லாம் பொன்னாடையோடுதான் இருந்தன. அந்த வெள்ளிக்கிழமைப் பொன்னாடையை மட்டும் காணோம். எங்கே என்று கலாவைக் கேட்டேன். ஞானசேகரன் அதை மடித்துத் தன் பீரோவில் வைத்திருக்கிறாராம், யாரையும் தொட விடுவதில்லையாம்.

"மத்ததெல்லாம் அவளுக்குப் போட்டது மேடம்," என்றார் ஞானசேகரன். "அது எனக்குப் போட்டது."