மெழுகு வைத்த டின்

சைகோனில் தினம் எங்கோ குண்டு வெடித்த காலம். எங்கள் துணிக்கடைக் காவலாளி காரைக்கால்காரர், கூன் விழுந்த நெட்டை மனிதர். ஒரு பிஸ்கட் டின்னின் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்திருந்தார். அதில் விரிசல் உண்டா என்று விரலால் தடவிக்கொண்டே இருப்பார். எனக்குச் சந்தேகம்.

"உள்ள வெடியா? திறய்யா!"

"தேயிலை தம்பி. மகனுக்கு இந்த ஊர்ப் பொண்ணு பேசியிருக்கு. இவங்க வழக்கத்துல நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீடுதான் தேயிலை கொண்டு போகணும். மழை விடட்டும், இப்பத் திறந்தா ஈரம் ஏறிடும்."

நான் நம்பவில்லை. கொட்டும் மழையில் கத்தியால் கீறித் திறந்தேன். தேயிலைதான்.

அவர் திட்டவில்லை. "மறுபடி அடைச்சாலும் பூஞ்சணம் பிடிச்சிடும்" என்று வெந்நீர் வைத்தார். "உங்க வெடி எப்படியிருக்கு, குடிச்சுப் பாருங்க."

வெட்கமில்லாமல் குடித்தேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பெண் வீட்டுக்கு அவர் எதைக் கொண்டுபோனாரோ, தெரியாது.