பழைய மில்லிங் மிஷினுக்குக் கோவையில் ரெயில் வாங்கிய பயணம்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மகன் இப்போதுதான் தூங்கினான்.

நாகல் நகரில் என் கணவரின் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு பழைய சி.என்.சி. மில்லிங் மிஷின். அதன் மேசை வழுக்கி ஓடும் இரண்டு ரெயில்களும் தேய்ந்து, வெட்டுகிற அளவு தப்ப ஆரம்பித்தது. திங்கட்கிழமை டை என்கிற அச்சைக் கொடுக்காவிட்டால், எங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் மதுரைக்குப் போய்விடுவார். கணவர் மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்ததால் புதன்கிழமை நான் கிளம்பினேன்.

காலை 5.40க்குப் பழனி வழி பஸ். சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் 120 ரூபாய். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்ற இருபது நிமிடம் நின்றது. 10.15க்கு உக்கடம். பழைய மிஷின் சாமான் கடையில் இரண்டு ரெயில், நான்கு பிளாக், பதினாறாயிரம். பிளாக் என்பது ரெயிலின் மேல் ஓடும் பகுதி. அதை வெளியே உருவிவிட்டால் உள்ளிருக்கும் குண்டுகள் கொட்டிவிடும். கயிறு போட்டுக் கட்டித்தரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது கண்டக்டர் ரெயில் சுற்றிய சாக்கைத் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க, குழாயுங்களா? லக்கேஜ் பத்து ரூபா ஆகுமுங்க."

மறுநாள் ஃபிட்டர் செல்லையா அண்ணன் ரெயில் உட்காரும் இடத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் துடைத்துவிட்டு, என் கணவரோடு டீக்குப் போனார். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மேலே வைத்தால் அவர் திட்டுவார் என்று, ரெயிலுக்கு அடியில் வரும் ஓரத்தில் துளி சந்தனம் வைத்தேன்.

ரெயிலை முறுக்கி, மேடுபள்ளம் பார்க்கும் டயல் வைத்ததும் முள் ஒரு முனையில் மூன்று கோடு ஏறியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. தலைமுடியில் பாதி இருக்கும்.

"ஏமாத்திட்டாய்ங்கப்பா, கம்பி வளைஞ்சு கெடக்கு," என்றார் அண்ணன்.

"இம்புட்டுப் பணம் குடுத்தியே, பாத்து வாங்குனியா? நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றார் கணவர்.

நாளை போனால் வெள்ளி போச்சு. அப்போதுதான் அடியில் வைத்த பொட்டு ஞாபகம் வந்தது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் வேறு.

"அண்ணே, கழட்டிப் பாருங்க. அந்த ஓரத்துல சந்தனம் வச்சேன்."

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார். "பூ வைக்காம விட்டியேம்மா, அம்புட்டுக்குச் சந்தோசம்."

என் கணவர் சிரிக்கவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி முறுக்கியதும் முள் அசையவே இல்லை.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: அளவைப் பழைய ரெயிலிலிருந்து எழுதி எடுத்துப் போங்கள், திரும்ப மாலை 3 மணி பஸ்ஸைப் பிடியுங்கள், சாமியைச் சுவரோடு நிறுத்துங்கள்.

கழற்றும்போது காய்ந்த சந்தனத் தூள் ஒரு பிளாக்கின் கிரீஸில் ஒட்டிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவினால் போதும் என்கிறார் அண்ணன். பிளாக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் இவர். நாளைக் காலை ஒன்பதுக்கு ஓட்டப்போகிறோம். தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.