டன்பார் துரை படமும் வெங்கிடேஸ்வரனின் சொந்தச் சரக்கும்

வெங்கிடேஸ்வரனுக்குக் கடவுள் உயரத்தில் கொஞ்சம் குறைத்து, குறைத்ததை வாயில் கூட்டிக் கொடுத்திருந்தார். கல்பாத்தியில் பிறந்தவர். மின்சார வாரியத்தில் குமாஸ்தா. மலைமேல் சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் மனைவி பாகீரதியோடு குளிரில் விறைத்துக்கொண்டு, பாலக்காட்டுக்கு மாற்றல் கேட்டு வருஷா வருஷம் மனுப் போடுகிறவர். ஆபீசில் அவரை யாரும் பெரிய ஆளாக நினைத்ததில்லை. ஆனால் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் அவர் ராஜா.

காரணம் சினிமா. எஸ்டேட் கிளப் ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுவார்கள், பெரும்பாலும் இங்கிலீஷ் படம். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் வெங்கிடேஸ்வரன் கையில் மைக்கோடு நின்று, நடக்க நடக்கத் தமிழில் கதை சொல்வார். படத்தில் இருப்பவன் ஒரு வார்த்தை பேசினால் இவர் நாலு வார்த்தை பேசுவார். மூன்று இவருடைய சொந்தச் சரக்கு. வில்லன் மழையில் நனைந்துகொண்டு வந்தால், "பெண்டாட்டி துரத்திவிட்டுட்டா, வேறொண்ணுமில்லை" என்பார். ஹால் அதிரும். கொழுந்து கிள்ளும் பெண்களுக்குப் படத்தைவிட இவர்தான் முக்கியம். அந்தச் சிரிப்பு இல்லாமல் மனுஷனால் இருக்க முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

எமர்ஜென்சி வருஷம். மேல்மலையை வரையாடுகளுக்கென்று ஒதுக்கப்போகிறார்கள், காவலுக்கு வாட்சர்களை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி படப்பெட்டியோடு வந்து இறங்கினார். டன்பார் துரை என்று ஒரு பழைய எஸ்டேட் துரையைப் பற்றிய படம். அந்தக் காலத்திலேயே காட்டையும் ஆட்டையும் காப்பாற்றச் சொல்லி அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவராம். அவர் பாடுபட்ட மலையிலேயே படத்தைக் காட்டி, பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க அதிகாரிக்கு ஆசை. தமிழ் தெரிந்த ரேஞ்சர் ஜீப் பழுதாகி மறையூரில் மாட்டிக்கொண்டதால், ஜனங்கள் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் சொல்லும் வேலையும் வெங்கிடேஸ்வரன் தலையில் விழுந்தது. அவர் இங்கிலீஷைக் கேட்டு அதிகாரி அசந்துபோனார். மாற்றல் கதையைக் கேட்டதும், சீஃப் இன்ஜினியர் தனக்கு நண்பர்தான், ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஜனங்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அது வரையாடே இல்லை, வெள்ளாட்டுக்குக் கரி பூசியிருக்கிறார்கள் என்றான் ஒருவன். மழைக்காட்டில் அம்புட்டுத் தூரம் நடந்த துரையை ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லையே, வெள்ளைக்காரன் ரத்தம் கசக்குமோ என்று கேட்டாள் சின்னத்தாய் என்கிற கொழுந்துக்காரி. கொழுந்து கிள்ளுகிறேன் என்று படத்துப் பெண்கள் முற்றின இலையாகப் பிடுங்கிப் போட்டதை எல்லோரும் திட்டினார்கள். வெங்கிடேஸ்வரன் ஒவ்வொன்றையும் மெருகேற்றி இங்கிலீஷில் கொடுக்க, அதிகாரி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்போது மொக்கையன் எழுந்தார். வாலிபத்தில் டன்பார் துரைக்குத் துப்பாக்கி சுமந்தவர் அவர். மறுமாதம் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மொக்கையனுக்கும் அவர் மனைவி அழகுத்தாய்க்கும் சங்கரன்கோவில் பக்கம் ஊர் என்று ஒன்று உண்டு, பேருக்குத்தான். தாத்தா விட்டுவிட்டு வந்த ஊரில் அவர்களை வா என்று சொல்ல ஆள் கிடையாது. வாட்சர் வேலை கிடைத்தால் மலையிலேயே ஒரு குடிசை கொடுப்பார்கள். ரேஞ்சரும் அநேகமாக உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

"படத்துல துரை பொறந்ததுலேருந்தே நல்லவரா இருக்காரு" என்றார் மொக்கையன். "அது பொய். மொதல்ல அவரு சுடுவாரு, நாங்க தூக்கியாருவோம். எங்களுக்கும் ஒரு தொடை வரும். பொறவு ஒரு நா சென ஆட்டச் சுட்டுப்புட்டு அங்கனயே உக்காந்துட்டாரு. துப்பாக்கிய வச்சிட்டாரு. நாங்களும் விட்டுட்டோம். அதக் காட்டிருந்தாத்தான் படம்."

அன்றைக்குப் பேசினவற்றிலேயே உருப்படியான பேச்சு அதுதான். வெங்கிடேஸ்வரனுக்கும் அது தெரிந்தது. ஆனால் அதில் சிரிப்பு இல்லை. இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அதிகாரி முகத்தில் இருந்த சிரிப்பு அடங்குவதைப் பார்த்தார், இவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் ஒரு சொட்டு சொந்தச் சரக்கைச் சேர்த்தார். துரை விட்டுவிட்டார், கிழவன் விடவில்லை, இன்றைக்கும் ஒரு ஆடு எதிரே வந்தால் மறுநாள் அவன் வீட்டில் குழம்பு மணக்கும் என்றார்.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து ஹாலும் சிரித்தது. என்ன ஏது என்று தெரியாமல் மொக்கையனும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பாகீரதி, "மொக்கையன் சிரிக்கறாப்பல ஒண்ணும் சொல்லலையே. அந்த ஆபீசர் எதுக்காக்கும் அப்படிச் சிரிச்சது?" என்று கேட்டாள். இங்கிலீஷில் சொன்னால் எல்லாம் அப்படித்தான் என்று வெங்கிடேஸ்வரன் மழுப்பினார்.

ஒரு வாரம் கழித்து மொக்கையன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். வாட்சர் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் வேட்டையாடுகிறவனைக் காவலுக்கு வைப்பதா, அவனே எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டானே என்று அதிகாரி சொன்னதாக ரேஞ்சர் சொன்னாராம். பெரிய மனுஷர் எதையோ தப்பாக விளங்கிக்கொண்டார், சாமி ஒரு எட்டு வந்து இங்கிலீஷில் எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று மொக்கையன் நம்பினார். சேர்த்துச் சொன்னது யார் என்ற சந்தேகம் அவருக்குத் துளியும் வரவில்லை.

வெங்கிடேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அதிகாரியிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அதிகாரி தங்கியிருந்த எஸ்டேட் பங்களாவுக்கு மொக்கையனோடு ஏறும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனார். தவறு என்னுடையது, அந்தக் கடைசிப் பேச்சு நான் சேர்த்தது. இவ்வளவுதான், சின்ன வாக்கியம். பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

அதிகாரி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெங்கிடேஸ்வரனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறுநாள் திருவனந்தபுரம் போகிறாராம், சீஃப் இன்ஜினியரைப் பார்க்கும்போது மாற்றல் விஷயத்தைக் கட்டாயம் சொல்வாராம். உருட்டி வைத்திருந்த வாக்கியத்துக்குப் பதிலாக வெங்கிடேஸ்வரன் ரொம்ப நன்றி என்றார். அரசாங்க உத்தியோகஸ்தன் மூச்சு விடவே யோசித்த காலம் அது. டெல்லி அதிகாரியிடம் பொய் சொன்னவன் என்று ஒரு வார்த்தை வாரியத்துக்குப் போனால் மாற்றல் என்ன, வேலையே நிற்குமா?

மொக்கையன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் அப்பிடிச் சொல்லலன்னு சொல்லுங்க சாமி. துரை துப்பாக்கிய வச்ச நாள்லேருந்து நான் ஒரு கண்ணிகூட வச்சதில்ல. எஞ்சாட்சிக்கு நீங்கதான் இருக்கீக. நீங்கதான பக்கத்துல நின்னீக."

அதிகாரி, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

வெங்கிடேஸ்வரன் இங்கிலீஷில் சொன்னார். கிழவன் செய்ததற்கு வருத்தப்படுகிறான். இனிமேல் செய்யமாட்டானாம். வயதானவன், தாங்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த முறை சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். வேறு வித்தியாசம் இல்லை.

அதிகாரி இரக்கத்தோடு தலையை ஆட்டினார். வழக்கெல்லாம் போடப்போவதில்லை, நிம்மதியாகப் போகச் சொல்லுங்கள். ஆனால் காவல் வேலைக்கு ஆகாது என்றார். முடியாது என்கிறார் என்பதை மட்டும் வெங்கிடேஸ்வரன் தமிழில் சொன்னார். மொக்கையன் அதிகாரியைக் கும்பிட்டார். பிறகு இவரையும் கும்பிட்டார். அந்தக் கும்பிடு வெங்கிடேஸ்வரன் மேல் சூடாக விழுந்தது.

அந்த மாதம் படம் போட்டபோது தலைவலி என்று போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. சோறு இறங்கவில்லை. லயத்துப் பக்கம் போகும் பாதையை விட்டுவிட்டு, மழையில் சுற்றுவழியாக ஆபீசுக்கு நடந்தார். கடைசியில் பாகீரதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. "அதை எங்கிட்டே சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்டேன்னா சொல்லணும்" என்றாள்.

மொக்கையன் குடும்பம் கிளம்புகிற அன்று காலையில் வெங்கிடேஸ்வரன் லயத்துக்குப் போனார். சொல்லத்தான் போனார். லாரியில் இரண்டு டிரங்குப் பெட்டியும் அம்மிக்கல்லும் ஏறியிருந்தன. அழகுத்தாய் முன்சீட்டில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மொக்கையன் இவரைக் கண்டதும் வேகமாக இறங்கி வந்தார். சாமி வீட்டுக்கே வந்து சொல்ல நினைத்ததாகவும், வருவதற்கு வெட்கமாக இருந்ததாகவும் சொன்னார்.

"என்ன வெட்கம்?" என்று கேட்டார் வெங்கிடேஸ்வரன்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் சாமி. நான் சொல்லித்தான் இருப்பேன். அன்னைக்கி படம் பாத்ததுல பழசெல்லாம் பொங்கிருச்சு, என்னத்த ஒளறுனேனோ. நான் சொல்லாம நீங்க எப்பிடி அவருகிட்டச் சொல்வீக? அழகுத்தாகிட்டயும் அதத்தான் சொன்னேன். ஏ புள்ள, யாரையும் வையாத, எவ்வாய்தான் நம்மளக் கெடுத்துச்சுன்னேன்."

டிரைவர் ஹாரன் அடித்தான். மொக்கையன் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீர் அப்படிச் சொல்லவில்லை என்று இவர் சொல்லிவிடமாட்டாரா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"பத்திரமா போயிட்டு வாரும்" என்றார் வெங்கிடேஸ்வரன்.