பாசி போன தொட்டி

என் கணவருக்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் ரேடியோ ரிப்பேர். அடுத்த வருஷம் ரோஜாச் செடி. தொண்ணூறுகளின் கடைசியில் கடல் தண்ணீர் மீன்தொட்டி வந்து சேர்ந்தது. மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியை மூடிவிட்டுப் போனவர்கள், வரவேற்பறையில் இருந்த நாலடிக் கண்ணாடித் தொட்டியை இவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். செங்கல்பட்டில் நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கியபோது, "இதை யார் கழுவுறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நான்தான்" என்றார். அந்தப் பேச்சையும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அப்போது அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்பா முட்டுக்காடு படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அங்கே தனியாக விட மனசில்லாமல், காரியம் முடிந்த கையோடு எங்களோடு கூட்டிவந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்காருவார், சோற்றைப் பிசைவார், கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார், எழுந்து போய்க் கை கழுவிவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. எதுலயாவது மனசு போனா சாப்பிடுவாரு" என்றார்.

தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, பாறைகளை அடுக்கி, பூ மாதிரிக் கை விரிக்கிற கடல் தாமரை ஒன்றையும் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு குட்டி மீன்களையும் விட்டபோது, அப்பா தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அன்று மத்தியானம் தட்டை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார். மோர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் தட்டு காலி. நான் சமையலறைக்குள் திரும்பிப் போய் ஒரு பாட்டம் அழுதேன். அதற்குப் பிறகு அந்தத் தொட்டி எனக்கு வேண்டாத சாமானாக இல்லை. அது இருக்கிறவரைக்கும் அப்பா சாப்பிடுவார் என்பது மட்டும்தான் என் கணக்கு.

மூன்றாவது வாரம் மணல் மேல் பழுப்பாகத் தூள் படிந்தது. புதுத் தொட்டி என்றால் அப்படித்தான், தானாகப் போய்விடும் என்றார் இவர். போனது. போன இடத்தில் பச்சை வந்தது. முதலில் கண்ணாடியில் மெல்லிய படலம், பிறகு பாறைகள் மேல் விரல் நீளத்துக்கு முடி. காலையில் ஒரு பக்கெட் பிடுங்கிப் போட்டால் இரண்டு நாளில் மறுபடி ஒரு பக்கெட். அதற்கு மேல் ஒரு கருஞ்சிவப்பு நிறத்துப் பாசி, பால் ஆடை மாதிரி, மணலைப் போர்த்திக்கொண்டது. கடல் தாமரை கை விரிக்காமல் சுருண்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கழுவுகிறேன் என்று சொன்ன மனிதர் காலை ஏழு மணி ரயிலில் மெட்ராஸ் போய்விடுவார். பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு முழங்கை வரை உப்புத் தண்ணீரில் நின்றது நான். நான் வேலை பார்த்த தாலுகா ஆபீஸ் பக்கத்துத் தெருதான்; மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பினால், என் பக்கத்து நாற்காலிக்காரி, "உன் மேல கருவாட்டு வாடை அடிக்குதுடி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

எல்லாம் செய்தோம். விளக்கு எரிகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். ஜன்னல் வெயில் படாமல் திரை போட்டோம். ஆவியாகிற தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி ஊற்றினோம். மீன் தீனியை நாளைக்கு ஒரு சிட்டிகை என்று நானே அளந்து போட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போய்க் கேன்களில் புதுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினார். அங்கே ஒரு மீனவர் பழக்கம். "கரையில மொள்ளாத அண்ணாத்த, இறால் பண்ணைத் தண்ணியெல்லாம் கலந்துகினு வருது. நான் உள்ள போய் மொண்டுகினு வரேன்" என்று அவரே கட்டுமரத்தில் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அப்படியும் பாசி அடங்கவில்லை. எங்கிருந்துதான் அதற்குத் தீனி கிடைக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். இவர் இறால் பண்ணைகளைத் திட்டினார், நான் இவரைத் திட்டினேன்.

அப்பா மட்டும் தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி சாப்பிட்டார். உடம்பு தேறியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சனியன் பிடித்த தொட்டி செத்தால் அப்பாவும் பழையபடி ஆகிவிடுவாரே என்று பிரஷை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மீனவரே பாசி தின்கிற நத்தைகளை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் தொட்டியருகே குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னாக்கா, தண்ணி புளிச்ச வாடை அடிக்கிது?"

"கடல் தண்ணி அப்படித்தானே இருக்கும்?"

"அது கவுச்சி அடிக்கும், புளிக்காதுக்கா."

கையை விட்டு மூலையில் இருந்த பெரிய பாறையைத் தூக்கினார். அடியிலிருந்து வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒன்று கிளம்பித் தண்ணீரெல்லாம் கலங்கியது. இரண்டு விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது சோறுக்கா. வூட்ல யாரோ தொட்டிக்குள்ள சோறு போட்டுகினே கீறாங்கோ."

நான் திரும்பினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

என் வாய் கெட்ட வாய். அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பாவிடம் அதுவரை அதைக் காட்டியதில்லை. அன்று, மூன்றாம் மனிதர் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் ஊர்ப் பேச்சிலேயே கத்தினேன்.

"அறிவு கீதாப்பா உனக்கு? ரெண்டு மாசமா முதுகு ஒடிய தேய்ச்சிகினு கீறேன், நீ உக்காந்துகினு சோத்த அள்ளிப் போட்டுகினு கீறியா? மீனு சோறு துன்னுமா? சின்னப் புள்ளையா நீ?"

அப்பா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இங்க காக்காவுக்கு வைக்க எடமில்லியேம்மா. உங்கம்மாவுக்கு வைக்காம நான் எப்படித் துன்றது?"

முட்டுக்காட்டு வீட்டில் அம்மா முதல் கைப்பிடிச் சோற்றைக் கிணற்றடிச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவாள். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் அப்பா தட்டில் கை வைப்பார். அவள் செத்த பிறகு அந்தச் சோறு அவளுக்கானது. இங்கே கொசுவுக்காக எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்திருந்தது. மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தார். வந்த முதல் வாரத்திலேயே அப்பா என்னிடம் கேட்டார். "இங்க அந்த வேலையெல்லாம் வேணாம்ப்பா, வீட்டுக்காரர் கத்துவார்" என்று சொன்னது நான்தான். சொன்ன கையோடு மறந்தும் போனேன். அவர் ஐந்து மாதம் பட்டினி கிடந்து, கடைசியில் வீட்டுக்குள் ஒரு வாயில்லா ஜீவன் வந்ததும், நான் மோர் எடுக்க உள்ளே போகிற நேரம் பார்த்து முதல் கவளத்தைப் பாறைக்குப் பின்னால் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

மீனவர் நத்தைகளை விட்டுவிட்டு, "பெரியவர ஒண்ணும் சொல்லாதக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சோறு நின்றது. மூன்று வாரத்தில் பாசியும் நின்றது. நத்தைகள் கண்ணாடியை மேய்ந்தன. கடல் தாமரை விரிந்தது. பாறைகளின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதேதோ உயிர்கள் ஊதா நிறத்தில் மலர்ந்தன. வருகிறவர்கள் எல்லாம், "அடேயப்பா, கடலே வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றார்கள். அப்பா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தட்டில் சோற்றைப் பிசைந்தார், பார்த்தார், எழுந்து போனார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஒரு கவளத்தை உருட்டி அவர் கையில் வைத்து, தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன். "போடுப்பா. பாசி வந்தா வரட்டும், நான் தேய்க்கிறேன்" என்றேன்.

அப்பா அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். "வேணாம்மா. பச்சையாயிடும். நீ திட்டுவ" என்று கவளத்தை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை. நான் கத்தரிக்கோலை எடுத்துப் போய் சமையலறை ஜன்னலின் கொசுவலையை நாலு பக்கமும் அறுத்தேன். வீட்டுக்காரர் வந்து கத்தினால் கத்தட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் பலகையில் சோற்றை வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "கா, கா" என்று கூவினேன். அன்று வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் ஒரு காக்கை வந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, கொத்திக்கொண்டு போனது. பின்னால் நின்றிருந்த அப்பா போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

அப்பா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். காக்கை தினமும் வந்தது, அவரும் தினமும் சாப்பிட்டார். ஆனால் அது சோற்றை எடுத்துக்கொண்டு பறந்த பிறகும் உடனே கை வைக்க மாட்டார். ஒரு தரம் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்த பிறகுதான் முதல் கவளத்தை எடுப்பார்.